வெள்ளைப் புள்ளி பன்றியா, ஆளா? தெர்மல் ஸ்கோப் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டுக்கு மேற்கே மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பாதி கரும்பு, மீதி மதும்பி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சேப்பங்கிழங்கு என்று சொன்னால்தான் விளங்கும். இங்கே சூலுக்காரர்கள் வாயில் கேட்ட பெயரே நமக்கும் பழகிவிட்டது. மதும்பி முற்றும் பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் நாலு பாத்தி போய்விடும். கிழங்கைத் தின்பது பாதி, மூக்கால் மண்ணைக் கிளறிப் போட்டுவிட்டுப் போவது மீதி. காலையில் போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டிய மாதிரி இருக்கும்.

இரண்டு வருடம் பொறுத்த மாமா ஒருநாள், துப்பாக்கி மேல் பூட்டி இருட்டில் சூட்டை வைத்துக் குறிபார்க்கும் தெர்மல் ஸ்கோப் ஒன்றின் விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினார். "மாப்ளே, ஆயிரத்து இருநூறு மீட்டர் வரைக்கும் தெரியுமாம். நம்ம நிலம் முந்நூறு மீட்டர்கூட இல்லையே. இது போதும்தானே?" என்று கேட்டார்.

போதாது. ஏன் போதாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த 1,200 மீட்டர் பொய்யில்லை. ஆனால் நாம் கேட்கும் கேள்விக்கு அது பதிலும் இல்லை. பெட்டியின் மேல் போட்டிருக்கும் தூரம், அங்கே சூடான ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரியும் தூரம். அது பன்றியா, மாட்டுக்கன்றா, ஆளா என்று தெரியும் தூரம் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

இதைக் கணக்குப் போட்டுக் கற்றுக்கொள்வதற்கு முன்பே நேரில் பார்த்துவிட்டோம். பிப்ரவரி மாதம், புழுக்கமான இரவு. தெரிந்தவர் ஒருவரிடம் ஸ்கோப்பை இரவல் வாங்கி மாமாவின் ரைஃபிளில் பூட்டியிருந்தோம். மேட்டிலிருந்து ஏறக்குறைய 180 மீட்டரில், மதும்பிப் பாத்தி நடுவே ஒரு வெள்ளை உருண்டை. தாழ்ந்து, மெதுவாக நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது. மாமா பார்த்துவிட்டு, "பன்றிதான்" என்றார். நானும் பார்த்தேன், பன்றி என்றேன். குண்டு ஏற்றிய துப்பாக்கி. மாமா விரலை விசையில் வைக்கவில்லை, பக்கவாட்டுக்குத் திரும்பட்டும் என்று காத்திருந்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். உருண்டை நிமிர்ந்து இரண்டு காலில் நின்றது. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர், குந்தி உட்கார்ந்து கிழங்கு தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார். மாமா துப்பாக்கியைத் தாழ்த்தி, தோட்டாவை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

கருவி பழுதில்லை, எங்கள் கண்ணும் பழுதில்லை. அந்தத் தூரத்தில், அந்த லென்ஸில், குந்தியிருக்கும் ஆளுக்கும் பன்றிக்கும் வித்தியாசம் காட்டும் அளவுக்குப் புள்ளிகளே இல்லை.

தெர்மல் என்பது இருட்டில் பார்க்கும் கண் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பார்ப்பது வெளிச்சத்தை அல்ல, சூட்டை. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வைத்தபோதும் பாதரசம் ஏறியது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிரைத்தான் அகச்சிவப்பு என்கிறோம். சூடுள்ள எந்தப் பொருளும் அதை வீசிக்கொண்டே இருக்கிறது. 32 டிகிரி சூடுள்ள தோல் வீசும் கதிர் ஏறக்குறைய 9.5 மைக்ரான் அலைநீளத்தில் உச்சத்தில் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். இந்த நீள அலைக்குச் சாதாரணக் கண்ணாடி சுவர் மாதிரி. பக்கி (பிக்கப்) வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியே தெர்மலைப் பிடித்தால் உங்கள் முகமே மங்கலாகத் தெரியும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் லென்ஸை ஜெர்மேனியத்தில் செய்கிறார்கள். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

லென்ஸுக்குப் பின்னால் இருப்பது மைக்ரோபோலோமீட்டர் என்னும் சென்சார். வனேடியம் ஆக்சைடு பூசிய குட்டிக் குட்டிக் கட்டங்கள். சூடு பட்டால் ஒவ்வொரு கட்டத்தின் மின்தடையும் மாறும், அந்த மாற்றமே படமாகிறது: ஒரு கட்டத்துக்குப் படத்தில் ஒரு புள்ளி. 1980களில் அமெரிக்க ராணுவப் பணத்தில் ஹனிவெல் நிறுவனம் உருவாக்கிய இந்த நுட்பம், 1992இல் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகுதான் மெல்ல மெல்லக் கடைக்கு வந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். விளம்பரத்தில் மூன்று எண்களைத் தேடுங்கள்: சென்சாரில் எத்தனை கட்டம், ஒரு கட்டம் எத்தனை மைக்ரான், லென்ஸின் குவியத்தூரம் எத்தனை மில்லிமீட்டர். கட்டத்தின் மைக்ரானை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்து, தூரத்தின் மீட்டரால் பெருக்கினால், அந்தத் தூரத்தில் ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் இடத்தை மூடுகிறது என்பது வந்துவிடும். 12 மைக்ரான் கட்டம், 25 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 100 மீட்டரில் ஒரு புள்ளி 4.8 சென்டிமீட்டர். அதே கட்டத்துக்கு 35 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் 3.4. 50 போட்டால் 2.4. தூரம் இரட்டித்தால் புள்ளியும் இரட்டிக்கும்.

அன்று இரவல் வாங்கியது 25 மில்லிமீட்டர் லென்ஸ். 180 மீட்டரில் ஒரு புள்ளி 8.6 சென்டிமீட்டர். குந்தியிருக்கும் ஆள் 80 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் மேலிருந்து கீழாக ஒன்பது புள்ளி. ஒன்பது வெள்ளைக் கட்டத்தை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் வரைந்து பாருங்கள். அதில் தலை எது, முதுகு எது?

எத்தனை புள்ளி இருந்தால் போதும் என்பதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் இரவுப்பார்வை ஆய்வில் இருந்த ஜான் ஜான்சன் 1958இல் வகுத்தது. இன்றைக்கும் பல நிறுவனங்கள் தூரம் போடுவது இதை வைத்துத்தான். பொருளின் குறுகிய பக்கத்தில் இரண்டு புள்ளி விழுந்தால் 'ஏதோ இருக்கிறது' என்று சொல்லலாம். எட்டு புள்ளி விழுந்தால் எந்த வகை என்று சொல்லலாம். ஏறக்குறைய பதின்மூன்று விழுந்தால்தான் இன்னதென்று அறியலாம். அதுவும் இரண்டில் ஒரு தடவை சரியாக வரும் என்ற கணக்கில். துப்பாக்கி பிடித்திருப்பவனுக்கு இரண்டில் ஒன்று எந்த மூலைக்கு?

நம் பக்கத்துக் காட்டுப்பன்றி தோள்வரை 70 சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பதின்மூன்று புள்ளி விழ வேண்டுமானால் ஒரு புள்ளி 5.4 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் லென்ஸில் அந்த எல்லை 112 மீட்டர். 35இல் 157. 50இல் 224. மாமா காட்டிய விளம்பரத்தில் இருந்ததும் அதே 12 மைக்ரான், 25 மில்லிமீட்டர்தான். 1,200 மீட்டர் என்று போட்டிருந்த கருவியின் நிஜமான எல்லை 112. அந்த 1,200 மீட்டரில் நிற்கும் ஆள் மூன்று புள்ளி உயரம்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "எவ்வளவு தூரத்தில் அடையாளம் தெரியும்?" அவர் கண்டறியும் தூரத்தையே திரும்பச் சொன்னால் கட்டத்தையும் லென்ஸையும் வாங்கி நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் அரை நிமிட வேலை.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். 384க்கு 288 கட்டமுள்ள சென்சாரைவிட 640க்கு 480 உள்ளது கூர்மையாகக் காட்டும் என்று நினைத்து அதற்கே எல்லாப் பணத்தையும் போடுகிறார்கள். கட்டத்தின் அளவும் லென்ஸும் ஒன்றாக இருந்தால் பன்றியின் மேல் விழும் புள்ளி இரண்டிலும் ஒன்றேதான். 640இல் அகலம் கூடும், அவ்வளவுதான். 35 மில்லிமீட்டர் லென்ஸில் 384 கட்டம் 100 மீட்டரில் 13 மீட்டர் அகலம் காட்டும், 640 கட்டம் 22 மீட்டர் காட்டும். 640இன் நிஜமான பயன் வேறு இடத்தில் இருக்கிறது: 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டும் 15 மீட்டர் அகலம் மிச்சமிருக்கும். தூரமும் வேண்டும், கூட்டத்தில் மற்ற பன்றி எங்கே என்றும் தெரிய வேண்டும் என்றால் அந்தச் சேர்க்கை. மாமாவின் நிலத்துக்கு 384உம் 35உம் போதும் என்பது என் முடிவு. பெரிய எஸ்டேட்டில் காவல் இருப்பவர் வேறு முடிவுக்கு வரலாம்.

டிஜிட்டல் ஜூமை நம்ப வேண்டாம். நாலு மடங்கு, எட்டு மடங்கு என்று பெரிதாக்கினால் இருக்கும் புள்ளிதான் பெரிதாகும், புதிதாக ஒன்றும் வராது.

அடுத்து நுண்ணுணர்வு. எத்தனை சின்னச் சூட்டு வித்தியாசத்தைக் கருவி பிரித்துக் காட்டும் என்பதை மில்லிகெல்வினில் போடுவார்கள். எண் குறைவாக இருந்தால் நல்லது. 20 என்றால் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு. உள்நாட்டு மேட்டுப் பகுதியான மிட்லண்ட்ஸில், நமக்குக் குளிர்காலமான ஜூலை மாதம் பனி உறையும் இரவில் 50 மில்லிகெல்வின் கருவியே பளிச்சென்று காட்டும், தரை சில்லென்றிருக்கும், விலங்கு கதகதப்பாயிருக்கும். கடற்கரைப் பக்கம் கதை வேறு. கோடைகாலமான பிப்ரவரியில் டர்பனைச் சுற்றி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. மண், இலை, காற்று எல்லாம் ஒரே சூட்டில் ஊறிக் கிடக்கும். காற்றின் ஈரமும் மூடுபனியும் வெப்பக் கதிரை வழியிலேயே விழுங்கும். பொழுது சாயும்போதும் விடியும்போதும் ஒரு சிறிது நேரம் தரையின் சூடும் சுற்றியுள்ளவற்றின் சூடும் ஒன்றாகிப் படமே தட்டையாகிவிடும். டர்பனுக்கு வடக்கேயுள்ள இந்த வடகரையில் இருக்கிறவர்களுக்கு 25 மில்லிகெல்வினோ அதற்குக் கீழோ தேவை என்று தயங்காமல் சொல்வேன். ஒன்று கவனிக்க வேண்டும்: சிலர் சென்சாரின் எண்ணை மட்டும் போடுவார்கள், சிலர் லென்ஸோடு சேர்த்துப் போடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்ணையும் பாருங்கள். எஃப் 1.0க்குப் பதில் 1.2 என்றால் சென்சாருக்கு வந்து சேரும் கதிர் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது.

கரும்புக்குள் தெர்மல் ஊடுருவிப் பார்க்கும் என்பது வெறும் பேச்சு. ஒரு தோகை மறைத்தாலும் மறைத்ததுதான். இடைவெளி வழியே துண்டு துண்டாகச் சூடு தெரியும், அந்தத் துண்டுகளை வைத்து உருவம் கட்டுவது நம் மனசு. மனசு எதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறதோ அதையே கட்டும். அன்று நாங்கள் கட்டியது பன்றி. வெட்டுக்கு முன் கரும்பு கொளுத்திய வயலில் இன்னொரு தொல்லை: கட்டைகள் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். பகல் வெயில் குடித்த பாறையும் கரையான் புற்றும் நடுராத்திரி வரை வெள்ளையாக நிற்கும். புதிதாகக் கருவி வாங்கியவர் முதல் வாரம் துப்பாக்கி இல்லாமல் தன் நிலத்தைச் சும்மா பார்த்துப் பழக வேண்டும். எது எங்கே சூடாக நிற்கும் என்று தெரிந்த பிறகுதான் புதிதாக வந்தது எது என்று தெரியும்.

பழகியவருக்கு உருவத்தைவிடச் சூடு பரவியிருக்கும் விதமே நிறையச் சொல்லும். முள்ளம்பன்றியின் முகமும் காலும் வெள்ளையாக இருக்கும், முள் போர்த்திய முதுகு கருத்து மங்கிக் கிடக்கும். சேற்றில் புரண்டு வந்த பன்றிக்கு விலா மங்கலாகவும் கண்ணைச் சுற்றியும் காதடியிலும் பளிச்சென்றும் இருக்கும். ரீட்பக் மான் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து மேயும், பன்றி மூக்கை மண்ணிலிருந்து எடுக்காது. கரையோரக் காட்டில் நாலைந்து கிலோ எடையுள்ள நீல டுய்க்கர் மான் திரிகிறது, அது பாதுகாக்கப்பட்ட உயிர். அதையும் முயலையும் தூரத்தில் பிரித்தறிய முடியாது என்றால் இரண்டையும் விட்டுவிடுவதே முறை.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். படம் நொடிக்கு 50 தடவை மாறும் கருவியே வேண்டும். 9 தடவை மாறுவது ஏற்றுமதிச் சட்டத்துக்காகக் குறைக்கப்பட்டது, ஓடும் விலங்கு அதில் தத்தித் தத்திப் போகும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி தெர்மலில் சாதாரண ஸ்கோப்பைவிடக் குறைவு. உதைப்பு அதிகமுள்ள துப்பாக்கியில் புருவம் கிழியும், ஆகவே எவ்வளவு உதைப்பு வரை தாங்கும் என்பதையும் எங்கே பூட்டுவது என்பதையும் வாங்கும்போதே பாருங்கள். பேட்டரி கடையில் கிடைக்கும் 18650 வகையாக இருந்தால் நல்லது. லோட்ஷெடிங் காலத்தில் பட்டது நமக்கு மறந்திருக்காது. லேசர் தூரமானி உள்ளே இருந்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கலாம். தெர்மல் படத்தில் ஆழம் தெரியாது. 80 மீட்டரில் நிற்கும் நாயும் 200 மீட்டரில் நிற்கும் கன்றும் ஒரே அளவில் தெரியும்.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது கையில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தெர்மல் மோனோகுலர். இதில் எனக்கு இரண்டு எண்ணமே இல்லை. ஸ்கோப் மட்டும் இருந்தால் தேடுவதும் அதிலேதான். தேடும் ஒவ்வொரு திசைக்கும் துப்பாக்கிக் குழல் திரும்புகிறது. நாங்கள் அன்று ஒரு நிமிடம் முழுக்க ஓர் ஆளின் மேல் குழலை நீட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். கைக்கருவியால் தேடி, அறிந்து, பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்த்த பிறகுதான் துப்பாக்கி தோளுக்கு வர வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மோனோகுலரை வாங்குங்கள். பன்றி எந்த வழியாக வருகிறது என்று அதில் பார்த்து வைத்து, அந்த வழியில் வேலி போடலாம், கூண்டு வைக்கலாம்.

பின்னால் என்ன இருக்கிறது என்பதை வடகரையில் மறக்கவே கூடாது. 1860 நவம்பர் 16 அன்று நம் முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றபோது இது எஸ்டேட் காடு. இன்று கரும்பு ஒரு துண்டு, வீடு ஒரு துண்டு, நடுவே பாதை, அந்தப் பக்கம் என்-2 நெடுஞ்சாலை. ரைஃபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்கில் போகும். தெர்மலில் சுவரும் தரையும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும். அதனால் உயரமான இடத்திலிருந்து, தோட்டா மண்ணில் இறங்கும்படி மட்டுமே சுட வேண்டும். பகலில் நின்று பார்த்து, எந்தெந்தத் திசையில் சுடவே கூடாது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சட்டமும் உண்டு. துப்பாக்கிக்கு 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். எந்த விலங்கை, எந்த நேரத்தில், எந்த முறையில் என்பதை மாகாணம் தீர்மானிக்கிறது. நம் மாகாணமான குவாசூலு-நடாலில் அதைப் பார்ப்பது எசெம்வேலோ என்னும் வனவிலங்கு அமைப்பு. பயிரை அழிக்கும் பன்றி என்பதாலேயே இரவில் சுடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். போய்க் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுப்புறத்தாருக்கும் சொல்லுங்கள். எந்த இரவில் காவல் என்பது பக்கத்துக் குடியிருப்புக்குத் தெரிந்திருந்தால் அன்று எங்களுக்கு அந்த ஒரு நிமிடம் வந்திருக்காது.

மாமா கடைசியில் ஒரு மோனோகுலரும், ஆறு மாதம் கழித்து 35 மில்லிமீட்டர் லென்ஸுள்ள ஸ்கோப்பும் வாங்கினார். குறி சரிசெய்யப் போனபோது காகித இலக்கு ஸ்கோப்பில் தெரியவே இல்லை, எல்லாம் ஒரே சூடு. அட்டையில் அலுமினியப் பட்டை ஒட்டி லேசாக வானம் பார்க்கச் சாய்த்து வைத்தோம். அலுமினியம் தன் சூட்டை அதிகம் வீசாது, கண்ணாடி மாதிரி வானத்தின் குளிர்ச்சியைத்தான் திருப்பிக் காட்டும். வெள்ளை அட்டை நடுவே கருப்புக் குறுக்குக்கோடு விழுந்தது.

அதைப் பார்த்ததும் மாமாவுக்கு ஒரு யோசனை. மறுநாள் மேட்டிலிருந்து நாடா பிடித்து 150 மீட்டர் அளந்தோம். அந்தக் கோட்டில் ஐந்து கம்பு நட்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் பழைய தகரத் துண்டில் அலுமினியப் பட்டை ஒட்டி, வானம் பார்க்கச் சாய்த்து அடித்தோம். மேகம் மூடிய இரவில் கொஞ்சம் மங்கும், மற்றபடி தெர்மலில் ஐந்து கருப்புத் துண்டு வரிசையாக நிற்கிறது. அந்த வரிசைக்கு அப்பால் எது வந்தாலும் மாமா மோனோகுலரில் பார்ப்பதோடு சரி. துப்பாக்கி மடியிலேயே இருக்கிறது.